ரீசெட் பட்டனுக்கு எட்டாத இடம்

2017 ஜூலை கடைசியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஏராளமாக ஒரே சமயத்தில் முடங்கின. சிக்கியவை, ‘அட்மின்’ என்று வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே விட்டவை. பிரிக்கர்பாட் என்ற மால்வேரை எழுதியதாகச் சொல்லிக்கொண்ட ‘ஜானிட்டர்’ என்ற புனைபெயர்க்காரர், இதுவும் தன் கைவரிசைதான் என்றார்.

அந்த மால்வேர் வேலை செய்யும் விதத்தை அதே ஆண்டு ஏப்ரலிலேயே ராட்வேர் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டிருந்தது. தொலைவிலிருந்து கருவிக்குக் கட்டளையிட உதவும் டெல்நெட் வழியே நுழைந்து, ஃபிளாஷ் மெமரியின் பார்டிஷன்கள் மேல் குப்பைத் தரவைக் கொட்டிவிடும்.

மோடம், சிசிடிவி ரெக்கார்டர், விரல்ரேகை வருகைக் கருவி பலவற்றிலும் இயங்குவது லினக்ஸ். அவற்றின் ஃபிளாஷ் சிப் பொதுவாகப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: கருவியை எழுப்பும் பூட்லோடர், பிறகு கெர்னல், மென்பொருள்கள், நாம் மாற்றும் செட்டிங்ஸ். ஊசியால் ரீசெட் பட்டனை அழுத்தினால் அழிவது பெரும்பாலும் செட்டிங்ஸ் மட்டுமே. பூட்லோடர் சிதைந்திருந்தால், பட்டனை அழுத்தியதைக் கவனிக்கவே உள்ளே ஆளில்லை. புரோகிராமர் கருவியை இணைத்துச் சிப்பில் மறுபடி எழுத வேண்டும். இன்னொரு மோடத்தின் சிப்பை அப்படியே நகலெடுக்க விடக்கூடாது. வைஃபை அளவீடுகளும் மேக் முகவரியும் ஒவ்வொரு மோடத்துக்கும் தனி. பல மாடல்களில் அவையும் அதே சிப்பில்தான் இருக்கின்றன.

ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்டுக்குக் கேமரா வாங்குபவர் மெகாபிக்சலோடு இதையும் கேட்க வேண்டும்: டெல்நெட் மூடியிருக்கிறதா? ஃபர்ம்வேர் இரண்டு பிரதி உண்டா? ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எழுந்துவிடும்.

வாரன்டி காலத்தில் கருவி செத்து, கம்பெனி கைவிரித்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, விற்றவர் சென்னையில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. ஒரு சிக்கல் உண்டு: வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து அதில் பிழைப்பவருக்கு விலக்கு இருக்கிறது. தானே மெஷினில் உட்கார்ந்து தைப்பவர் அதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

வெளியாள் புகுந்து அழித்திருந்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் குற்றம். சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கலாம். அதுவரை யாரும் சிப்பில் கை வைக்காமல் இருப்பது நல்லது. மறுபடி எழுதிவிட்டால் தடயமும் போய்விடும்.