துப்பாக்கி தேசம் – 9: எனக்கு விற்காதீர்கள்!

ஒருவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பறித்துவைக்கச் சொல்லி அவருடைய குடும்பமே நீதிமன்றம் போகிற 'சிவப்புக் கொடி' சட்டங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துப்பாக்கியை என்ன செய்வது என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொன்ன விஷயம். அதற்குள் இன்னொரு சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. 'எனக்குத் துப்பாக்கி விற்காதீர்கள்' என்று ஒருவர் தானாகவே அரசிடம் எழுதிக் கொடுக்கலாம் என்கிற சட்டம் அது. அமெரிக்காவில் இதை முதலில் கொண்டுவந்தது வாஷிங்டன் மாநிலம். 2018-ல் நிறைவேறி 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வர்ஜீனியாவும் யூட்டாவும் பின்தொடர்ந்தன. யோசனையை முன்வைத்தவர் அலபாமா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஃப்ரெட்ரிக் வார்ஸ். தனக்கு இருமுனை மனநோய் உண்டு என்பதை வெளிப்படையாகவே சொல்லி இதற்காக வாதாடுகிறவர்.

வாஷிங்டன் மாநிலத்தின் நடைமுறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கவுன்ட்டி நீதிமன்ற அலுவலகத்தில் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டிப் படிவம் கொடுக்க வேண்டும். கடைக்காரர் விற்பதற்கு முன் பின்னணி சரிபார்க்கும் தரவுத்தளத்தில் அந்தப் பெயர் ஏறிவிடும். மனம் மாறினால், குறைந்தது ஏழு நாட்கள் கழித்து ரத்து கேட்கலாம். ரத்தானதும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். படிவத்தில் இன்னொரு வசதியும் உண்டு: 'நான் இதை ரத்து செய்தால் இவருக்குத் தகவல் சொல்லுங்கள்' என்று நம்பிக்கையான ஒருவரின் பெயரைத் தரலாம். மனம் தெளிந்திருக்கும்போது எழுதிய அந்த ஒரு பெயர், மனம் கலங்கும் நாளில் ஒரு மனிதரைத் தேடிவரச் செய்யும். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு கனிவான ஏற்பாட்டைக் காண்பது அரிது.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2022-ல் மட்டும் சுமார் 27,000. கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியான ஆய்வு, வாங்கிய முதல் வாரத்தில் அவர்களிடையே துப்பாக்கித் தற்கொலை விகிதம் பொது மக்களைவிட 57 மடங்கு இருந்ததைக் காட்டியது. ஆகவே, வாங்க நினைப்பதற்கும் கையில் கிடைப்பதற்கும் நடுவே விழும் ஒவ்வொரு நாளும் உயிர் காக்கும் நாள். வர்ஜீனியாவில் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னாலும் 21 நாட்கள் காத்திருந்தாக வேண்டும். கொந்தளிப்பு அடங்க அது போதுமான அவகாசம்.

'சாக முடிவெடுத்தவர் வேறு வழி தேடமாட்டாரா?' என்பது எப்போதும் எழும் கேள்வி. இதற்கு உலகமே மேற்கோள் காட்டும் பதில் இலங்கையிலிருந்து வருகிறது. 1995 வாக்கில் அங்கே தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 47 அளவில், உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: விஷம் குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் குறைந்துவிடவில்லை. வந்தவர்களில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் பெருகினார்கள். மக்களின் துயரம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. கைக்கெட்டும் பொருளின் கொடுமை குறைந்தது, அவ்வளவுதான். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் தடுத்துக் காப்பாற்றப்பட்ட 515 பேரைப் பற்றிய 1978-ம் ஆண்டு ஆய்வும் இதையே சொல்கிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலை செய்துகொள்ளவில்லை.

'வேண்டாமென்றால் வாங்காமல் இருந்துவிட்டுப் போகட்டுமே, சட்டம் எதற்கு?' என்பார்கள். சம்பளக் கவரைப் பிரிக்காமலே மனைவி கையில் கொடுத்துவிடும் குடிகாரரை நாம் அறிவோம். சாயங்காலம் தன் கால் எங்கே இழுக்கும் என்று காலையிலேயே தெரிந்த மனிதர் அவர். அதைச் சுதந்திர இழப்பு என்று யாரும் சொல்வதில்லை. துப்பாக்கி உரிமையைப் பெரிதாக மதிக்கும் யூட்டாவில் இந்தச் சட்டம் நிறைவேறியதற்கும் காரணம் இதுவே: யாருடைய உரிமையையும் அரசு பறிக்கவில்லை. இதைவிட வலுவான ஆட்சேபம், முதலாளிகள் இதை வேலைக்கு நிபந்தனையாக்கிவிடலாமே என்பது. வாஷிங்டன் சட்டம் அதையும் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. வேலைக்கோ சலுகைக்கோ சேவைக்கோ இந்தப் படிவத்தைக் கேட்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வார்ஸும் சக ஆய்வாளர்களும் அலபாமாவில் 200 மனநல நோயாளிகளிடம் கேட்டபோது 46 சதவீதம் பேர் பதிவுசெய்யத் தயார் என்றார்கள். ஆனால் மாநிலங்களில் உண்மையில் பதிவுசெய்திருப்பவர்கள் மிகச் சொற்பம். மனச்சோர்வில் படுக்கையைவிட்டு எழவே முடியாதவரை அரசு அலுவலக வாசலுக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்? இந்தப் படிவம் மருத்துவரின் மேஜையில் இருக்க வேண்டும். இணையத்திலும் கிடைக்க வேண்டும். இதை நாடு முழுவதற்கும் விரிக்கக் கேட்கும் முயற்சிக்கு 'டோனா சட்டம்' என்று பெயர். நிறைவேறினாலும் அது புதிதாக வாங்குவதைத்தான் தடுக்கும். அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் துப்பாக்கிக்கு, நியூ ஹாம்ப்ஷயர் துப்பாக்கிக் கடைக்காரர்கள் பொதுச் சுகாதாரத் துறையினரோடு கைகோத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். அது அடுத்த வாரம்.

(தொடரும்)