3 வீதத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை மண்டபம்

வெள்ளிக்கிழமை வர்த்தமானி வெளியானால், பின்னேரத்துக்குள் அதில் உள்ள போட்டிப் பரீட்சை அறிவித்தல் யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகளின் கைபேசிகளுக்கு வந்துவிடும். பார்வையற்ற பட்டதாரி ஒருவருக்கும் கூடப் படித்த நண்பர் அதை அனுப்பியிருப்பார். அவர் திரைவாசிப்பான் செயலியை இயக்கிக் கைபேசியைக் காதருகே பிடிக்கிறார். அந்த ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், ‘தமிழ்’ என்ற சொல் வரும் இடத்தில் அவருக்குக் கேட்பது ‘ஜே, கே, பி, ஓ’. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. யூனிகோட்டில் அடித்திருந்தால் அதே செயலி அதே பக்கத்தைத் தடங்கலில்லாமல் தமிழில் வாசித்திருக்கும். இப்போது வயதெல்லை, முடிவுத் திகதி, பாடவிதானம் எல்லாவற்றுக்கும் அவர் இன்னொருவரின் கண்ணுக்குக் காத்திருக்க வேண்டும்.

அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமவாய்ப்பு என்றாலே பேச்சு 3 வீத ஒதுக்கீட்டில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால், கூடுதலான இழப்பு நடப்பது அதற்கு முன்னால்: அறிவித்தலுக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் இடையில்.

அறிவித்தலை எப்படியோ வாசித்து முடித்தவரை அடுத்து மறிப்பது ஒரு வரி. இலங்கையின் எந்தப் பாகத்திலும் கடமையாற்றவும், பதவிக்குரிய கடமைகளை நிறைவேற்றவும் போதிய உடல், உள ஆரோக்கியம் வேண்டும் என்ற வரி அது. ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில் வழமையாக வருவது. மிதிவெடியில் காலை இழந்தவரும் ஷெல் துண்டைத் தோளில் சுமப்பவரும் வாழும் மண்ணில், ‘இது எங்களுக்கில்லை’ என்று பத்திரிகையை மடித்து வைக்க இந்த ஒரு வரி போதும். அப்படி மடித்து வைக்கக் கூடாது. அந்த வரி கேட்பது குறித்த பதவியின் வேலையைச் செய்ய முடியுமா என்பதைத்தான். கோப்புப் பார்த்துக் கடிதம் எழுதும் வேலைக்கு இரண்டு காலும் வேண்டியதில்லை. உடல்தகுதியை மருத்துவப் பரிசோதனை பார்த்துக்கொள்ளட்டும். விண்ணப்பதாரி தனக்குத் தானே தீர்ப்பு எழுதத் தேவையில்லை.

சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. 1988 ஓகஸ்ட் 18 ஆம் திகதிய 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் உள்ள வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு நிரப்பச் சொல்கிறது. அது வந்தபோது யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படை நின்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. அது, முந்தைய ஒக்டோபரில் போரால் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்த வலிகாமத்துச் சனம் வீடு திரும்பிய ஆண்டு. உயிர் பிழைப்பதே பாடாக இருந்த அந்த நாட்களில் சுற்றறிக்கையையும் சட்டத்தையும் யார் தேடிப் படித்திருப்பார்கள்? இரண்டும் குடாநாட்டில் இன்றுவரை பலர் அறியாதவையாகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சுற்றறிக்கை நிர்வாகத்துக்கான அறிவுறுத்தல். அதுவும் ‘தகைமையுள்ளவர்’ என்கிறது. போட்டிப் பரீட்சையில் தகைமை பெறாதவரிடம் 3 வீதம் வந்து சேராது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு அதைவிட நேரடியானது. வேலைக்கோ பதவிக்கோ ஆட்சேர்க்கும்போது மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது; பொதுமக்கள் நுழையும் கட்டடத்துக்குள் நுழைவதற்கும் அதைக் காரணமாக வைத்துத் தடை போடக் கூடாது. ஆட்சேர்ப்பு என்பது நியமனக் கடிதம் கொடுக்கும் நாள் மட்டுமா? பரீட்சையும் அதற்குள் வருவதுதான்.

இனி மண்டபத்துக்குள் போவோம். பல போட்டிப் பரீட்சைகளில் நுண்ணறிவு வினாத்தாள் ஒன்று இருக்கும். நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணமும் ஒரு கறுப்புப் புள்ளியும், முக்கோணம் சுழல்கிறது, புள்ளி மூலைக்கு மூலை நகர்கிறது, ஐந்தாவது பெட்டி எது? பார்வையுள்ளவர் சில விநாடிகளில் குறி போட்டுவிடுவார். பார்வையற்றவருக்காக வாசித்து விடை எழுதும் எழுதுநர் வாயால் சொல்லத் தொடங்குகிறார்: “முதல் பெட்டியில் முக்கோணம் மேல் பார்த்து நிக்குது, புள்ளி இடப்பக்கம் கீழ் மூலையில...” நான்கு பெட்டிகளையும் சொல்லி, பிறகு விடைத் தெரிவுகளையும் சொல்லி முடிக்க நிமிடங்கள் கரைந்துவிடும். அத்தனையையும் நினைவில் வைத்திருந்து விடை சொல்ல வேண்டும். அங்கே அளக்கப்படுவது பரீட்சார்த்தியின் நுண்ணறிவு அல்ல. எழுதுநரின் வருணிப்புத் திறமை. படத்துக்குப் பதில் அதே மதிப்பெண்ணுக்குச் சொல்லாலோ எண்ணாலோ ஆன வினாவைத் தரலாம். தடவி உணரும்படி புடைத்த கோடுகளில் வரைந்தும் தரலாம்.

செவிப்புலன் குறைந்தவரின் பாடு வேறு. வினாத்தாளில் ஓர் அச்சுப்பிழை. மேற்பார்வையாளர் மண்டபத்தின் முன்னால் நின்று திருத்தத்தைச் சத்தமாகச் சொல்கிறார். எல்லோரும் பேனையை எடுத்துத் திருத்துகிறார்கள், பின்வரிசையில் ஒருவரைத் தவிர. அதைக் கரும்பலகையில் எழுத ஒரு வெண்கட்டி போதும்.

இந்த ஏற்பாடுகள் எதுவும் குடாநாட்டுக்குப் புதியவை அல்ல. கைதடி நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் வளரும் பிள்ளைகள் பிறெயிலில் படிக்கிறார்கள். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் வேண்டிய மேலதிக நேரத்தையும் எழுதுநரையும் பள்ளிக்கூடமே முன்கூட்டிக் கேட்டு வாங்கிக் கொடுக்கும். பல்கலைக்கழகம் முடித்த ஒருவர் ஆட்சேர்ப்புப் பரீட்சைக்கு வரும்போது அவருக்குப் பின்னால் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. கேட்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். பலர் விடுபட்டுப்போவது இந்த இடைவெளியில்தான்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தச் சண்டை நீதிமன்றத்தில் நடந்தது. எழுதும்போது கை விரல்கள் இறுகிப்போகும் குறைபாடுள்ள விகாஷ் குமாருக்கு, குடிமைப்பணித் தேர்வில் எழுதுநரைத் தர இந்திய மத்தியத் தேர்வாணையம் மறுத்தது. 2021 பெப்ரவரி 11 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவருடைய நிலைக்குத் தகுந்த ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது அரசின் கடமை, அதை மறுப்பதே பாகுபாடு என்பது அதன் சாரம். அங்கே 2018 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு மணித்தியாலப் பரீட்சைக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம் வகுத்தது. முற்றாகப் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ செபின், திரைவாசிப்பான் துணையோடு படித்து அதே தேர்வில் வென்று, 2015 இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

இலங்கையிலும் ஒருவர் தனியாளாக நின்று வழக்காடினார். விபத்தொன்றில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த கலாநிதி அஜித் பெரேரா, பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்காக உயர் நீதிமன்றம் போனார். 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான அணுகுவசதி ஒழுங்குவிதிகளைப் புதிய பொதுக் கட்டடங்கள் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டளை 2011 ஏப்ரல் 27 இல் கிடைத்தது. பரீட்சை மண்டபங்களாகும் யாழ்ப்பாணத்தின் பழைய பள்ளிக்கூடங்களோ உயர்ந்த அத்திவாரமும் விறாந்தைப் படிகளும் கொண்டவை. சுட்டெண் ஒழுங்கில் ஒருவரின் மேசை மேல்மாடியில் விழுந்தால், அவரைத் தூக்கிக்கொண்டு போவதல்ல தீர்வு. மேசையைக் கீழே இறக்குவதுதான்.

அப்படியானால் ஒருவர் செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை, குறைபாட்டை மறைக்காமல் எழுதுவது. என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை, மருத்துவச் சான்றிதழின் பிரதியோடு, விண்ணப்பத்துடனேயே கேட்க வேண்டும்: பிறெயில் தாளா, பெரிய எழுத்தா, எழுதுநரா, எவ்வளவு மேலதிக நேரம், கீழ்த்தள மண்டபமா என்று ஒவ்வொன்றாக. பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம் என்றால் ஆணையாளர் நாயகத்துக்கு, மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு என்றால் அதன் செயலாளருக்கு, பதிவுத்தபாலில். அந்தப் பற்றுச்சீட்டு ஒரு சின்னத் துண்டுதான்; ஆனால் பின்னாளில் ‘நீங்கள் கேட்கவேயில்லையே’ என்ற பதிலுக்கு எதிராக நிற்கப்போவது அது ஒன்றே. கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். வினாத்தாள் தமிழில் வர வேண்டும் என்பது தனி உரிமை. அரச சேவைப் பரீட்சைக்குத் தமிழில் தோற்ற அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை இடம் தருகிறது. ‘3 வீதத்தில் எடுத்துத் தருகிறேன்’ என்று காசு கேட்பவரிடம் சிக்கக் கூடாது. பரீட்சைக் கட்டணத்துக்கு மேல் எவருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை.

மறுத்தால்? கொழும்புக்கு ரயில் ஏறத்தான் வேண்டும் என்றில்லை. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, தான் வசிக்கும் மாகாணத்தின் மேல் நீதிமன்றத்தில் மனுப்போட வழி திறக்கிறது. யாழ்ப்பாணத்தவருக்கு அது யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் போவதானால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதம்தான் பலரைக் கைவிட்டது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்ததோடு இருந்துவிடாமல், விசாரணை நடப்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. 3 வீத வெற்றிடங்கள் உண்மையில் நிரப்பப்பட்டனவா என்று அறிய 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அனுமதி அட்டை கிடைத்த அன்றே பரீட்சை நிலையத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. எத்தனை படி, எந்த மாடி, கழிப்பறை வாசலில் சக்கர நாற்காலி திரும்புமா என்று பார்த்து, கைபேசியில் படமும் எடுத்து, குறை இருந்தால் அன்றைக்கே எழுத வேண்டும். பரீட்சை நாளில் ஏதேனும் மறுக்கப்பட்டால், மண்டபத்தை விட்டு வந்ததும் நேரத்தையும் சொல்லப்பட்ட காரணத்தையும் திகதியோடு குறித்து வைக்க வேண்டும். அந்தத் திகதியில் இருந்துதான் ஒரு மாதக் கணக்கு ஓடத் தொடங்குகிறது.