மகிழ்ச்சி ரசாயனத்துக்குப் பார்வையில் என்ன வேலை?

மனச்சோர்வைப் பற்றி எழுதும்போதெல்லாம் செரோட்டோனினுக்கு 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். அந்தப் பட்டத்தை நம்பிக் குரங்கின் மூளைக்குள் போனால் குழப்பம்தான் மிஞ்சும். மக்காக் குரங்கின் பெருமூளைப் புறணியில் செரோட்டோனின் ஏற்பிகளில் இரண்டு வகை அடர்ந்து குவிந்திருக்கும் இடம், பின்மண்டையில் உள்ள முதன்மைப் பார்வைப் பகுதி. கண்ணிலிருந்து புறப்பட்ட செய்தி புறணியில் முதலில் வந்து சேரும் இடம் அது.

மூளைக்கு வேண்டிய செரோட்டோனினைச் சுரப்பவை மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் சிறு நரம்பணுக் கூட்டங்கள். அவற்றை ஒளிரவைத்து வரைபடமாக்கியவர்கள் ஸ்வீடனின் டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸேவும், ஆண்டு 1964. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளையில் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் போகின்றன. ஆகவே, சுரக்கும் இடத்தைப் பார்த்து அதன் வேலையைச் சொல்ல முடியாது. வாங்கிக்கொள்ளும் ஏற்பி எது, எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பாலூட்டிகளில் ஏழு குடும்பங்களாக 14 வகை ஏற்பிகளைக் கணக்கிடுகிறார்கள். சில நரம்பணுவைத் தட்டி எழுப்பும், சில அடக்கும்.

இதை எலியில் பார்த்தால் போதாதா? போதாது. 1இ என்ற ஏற்பி வகை மனிதனுக்கு உண்டு. சுண்டெலிக்கும் வெள்ளெலிக்கும் கிடையாது. 5பி எலிக்கு உண்டு. நம்மிடம் அதன் மரபணு சிதைந்து கிடக்கிறது. இருவருக்கும் பொதுவான 1பி ஏற்பியிலும் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் சில மருந்துகள் எலியில் ஒரு விதமாகவும் மனிதனில் வேறு விதமாகவும் ஒட்டுகின்றன. மருந்து ஆராய்ச்சிக்கு இது சின்ன விஷயமல்ல.

பார்வைப் பகுதிக் கதைக்கு வருவோம். ஜப்பானின் ஒகாசாகியில் உள்ள தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்தின் வதகாபே, யமமோரி குழு செரோட்டோனினைத் தேடிப் போகவில்லை. புறணியின் ஒரு பகுதியில் மட்டும் தூக்கலாக இயங்கும் மரபணுக்கள் எவை என்று பொதுவாகத் துழாவினார்கள். அகப்பட்டது 1பி, அதற்கு அடுத்தபடியாக 2ஏ. மெல்லிய மூளைச் சீவல்களில் இவற்றின் ஆர்.என்.ஏ.வைத் தேடியபோது, கண்ணின் செய்தி நேரே வந்திறங்கும் புறணியின் நான்காம் அடுக்கில், அதே நரம்பணுக்களில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. 2009-ல் வெளியான ஆய்வு இது.

எனக்கு வியப்பு அடுத்த சோதனையில்தான். பேத்தை மீனின் நஞ்சைச் செலுத்தி ஒரு கண்ணின் நரம்புச் செய்தியை நிறுத்தினார்கள். மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு ஆர்.என்.ஏ.வும் சரசரவெனக் குறைந்துவிட்டன. ஆக, கண் அனுப்பும் செய்தியின் போக்குக்கேற்ப இந்த ஏற்பிகளின் ஆர்.என்.ஏ. வரைபடமே மாறிக்கொண்டிருக்கிறது! நரம்பணுக்களின் துடிப்பையும் பதிவுசெய்தார்கள். 1பி-யைத் தூண்டும் மருந்து, உரக்கப் பேசும் நரம்பணுக்களை இன்னும் உரக்கப் பேசவைத்தது, முணுமுணுப்பவற்றை அடக்கியது. 2ஏ-யைத் தூண்டும் மருந்து செய்தது இதற்கு நேர்மாறு. ஒன்று வேறுபாட்டைக் கூட்டுகிறது, மற்றது சமன் செய்கிறது. இதில் மகிழ்ச்சிக்கு எங்கே இடம்?

2ஏ என்றதும் எல்.எஸ்.டி. நினைவுக்கு வரும், அந்தப் போதை மருந்து முக்கியமாகப் பற்றிக்கொள்வது இந்த ஏற்பியைத்தான். அதை உட்கொண்டவருக்குச் சுவர் நெளிவதாகத் தெரிவதற்கு நான்காம் அடுக்குதான் காரணம் என்று முடிச்சுப் போட ஆசையாக இருக்கும். அவசரம் கூடாது. யேல் பல்கலைக்கழகத்தின் யாகாப், கோல்ட்மன்-ராகிச் இருவரும் 1998-லேயே, மக்காக்கின் முன்மூளைப் புறணியில் கூம்பு வடிவ நரம்பணுக்களின் உச்சிக் கிளைகளில் 2ஏ நிறைந்திருப்பதைக் காட்டி, அதையும் இத்தகைய மருந்துகள் செயல்படக்கூடிய இடமாகச் சுட்டியிருக்கிறார்கள்.

இன்று உயிரோடு இருக்கும் மனிதரிடமே ஏற்பிகளை அளக்கலாம். கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 210 ஆரோக்கியமான மனிதர்களை 'பெட்' ஸ்கேனில் படம்பிடித்து, 2017-ல் அப்படியொரு வரைபடத்தை வெளியிட்டார்கள். ஆனால் 'பெட்' பிரித்துக் காட்டுவது சில மில்லிமீட்டர் அளவைத்தான். புறணியின் மொத்தத் தடிமனே அவ்வளவுதான் என்பதால் அடுக்குகள் அதில் கரைந்துபோகும். இறந்தவர் மூளையின் சீவலில் அடுக்கு தெரியும். ஆனால் கண்ணின் செய்தியை மூன்று மணி நேரம் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அதில் தெரியாது. குரங்கை வைத்துச் செய்யும் ஆய்வுகள் மீது எனக்கும் சங்கடம் உண்டு. ஆனாலும் அந்த மூன்று மணி நேரக் கணக்கு வேறு வழியில் கிடைத்திருக்காது.