வளைந்து கொடுக்கும் மானியும் விடைபெறும் பாதரசமும்

பாரம் ஏறும்போது பாலத்தின் உருக்குச் சட்டம் எவ்வளவு நீள்கின்றது என்பதைக் கண்ணால் காண இயலாது. அதனை அறிய உதவும் விகாரமானியை 1938 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எட்வேர்ட் சிமன்ஸ், ஆதர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே உருவாக்கினர். பொருளின் மீது ஒட்டப்பட்ட மெல்லிய உலோகக் கம்பி, பொருளுடன் சேர்ந்து நீளும்போது அதன் மின்தடை உயரும். நீட்சி 1 சதவீதமாயின் தடை ஏறத்தாழ 2 சதவீதத்தால் அதிகரிக்கும்.

உருக்குக்கு இது போதுமானது. ஆனால், இறப்பர் பல மடங்கு நீளக்கூடியது. முழங்காலை மடிக்கும்போது அதன் மேலுள்ள தோலும் பெரிதும் இழுபடுகின்றது. சாதாரண உலோக மானியோ சில சதவீத நீட்சிக்கு மேல் தாங்காது. அத்துடன், மென்மையான பொருளில் விறைப்பான தகட்டை ஒட்டினால் அது அவ்விடத்தை நீளவிடாது தடுத்து, அளவீட்டையே பிழையாக்கிவிடும்.

இதற்கான தீர்வு மருத்துவ ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. பாதரசம் நிரப்பிய மெல்லிய இறப்பர்க் குழாயைக் கை, கால்களைச் சுற்றிக் கட்டி இரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை விட்னி என்பவர் 1953 இல் விபரித்தார். குழாய் இரு மடங்கு நீண்டால் உள்ளிருக்கும் திரவ இழையின் குறுக்குப் பரப்பு பாதியாகும். தடை நான்கு மடங்காகும். திரவமாதலால் இழை அறுவதில்லை.

எனினும், பாதரசம் நச்சுப் பொருள். இலங்கையும் அங்கம் வகிக்கும் மினமாட்டா சமவாயத்தின் தரப்பு நாடுகள், இத்தகைய மருத்துவ மானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2025 ஆம் ஆண்டுடன் நிறுத்துவதென 2022 இல் தீர்மானித்தன.

பாதரசத்தின் இடத்தை நிரப்பக்கூடியது கலியமும் இந்தியமும் சேர்ந்த கலப்புலோகம். ஏறத்தாழ 16 பாகை செல்சியஸில் உருகும் இது, அறை வெப்பநிலையில் திரவமாகவே இருக்கும். பாதரசத்தைப் போன்று நச்சாவியை வெளியிடுவதில்லை. சிலிக்கன் இறப்பரின் நுண்குழாய்களில் இதனை நிரப்பி, உடலசைவை அளக்கும் மானிகள் உருவாக்கப்படுகின்றன. குறைகளும் இல்லாமலில்லை. விலை அதிகம், இறப்பர் மீண்டும் மீண்டும் இழுபடும்போது தளர்வதால் அளவீட்டை அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும்.

இவ்வேளையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. பழைய பாதரசக் குழாய்கள் இன்னமும் எங்கேனும் ஆய்வுகூட அலுமாரிகளில் இருக்குமாயின், அவை சாதாரண குப்பையுடன் சேர்ந்துவிடக் கூடாது. புதிய கருவியை வரவேற்கும் பொறுப்பில், பழையதைப் பாதுகாப்பாக அகற்றுவதும் அடங்கும்.