முடிச்சு போட மறந்த சாம்பியன்: பாறையேற்றத்தில் 'அவருக்குத் தெரியாததா?' என்று விடுவது ஏன் ஆபத்து?

பாறை ஏறுகிறவர்கள் எப்போது விழுகிறார்கள்? பிடி வழுக்கும்போது, கை ஓய்ந்துபோகும்போது. அது இந்த விளையாட்டில் தினமும் நடப்பதுதான். கயிறு பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் கயிறே.

ஆனால் மோசமான விபத்துகள் பல வேறு இடத்தில் தொடங்குகின்றன. பாதியில் விட்ட முடிச்சு, கவனிக்காத கயிற்று முனை, 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று தள்ளிப்போட்ட பழைய உபகரணம். இதில் சிக்கியவர்கள் புதியவர்கள் மட்டுமல்ல. உலகின் முன்னணி கிளைம்பர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

கயிறு எப்படிக் காப்பாற்றுகிறது?

'ஃப்ரீ சோலோ' ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு, ராக் கிளைம்பிங் என்றாலே கயிறு இல்லாமல் ஏறுவது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பெரும்பாலானவர்கள் கயிறோடுதான் ஏறுகிறார்கள்.

இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைக்கு ஹார்னஸ் என்று பெயர். கயிற்றின் ஒரு முனை ஏறுபவரின் ஹார்னஸில் முடிச்சிடப்படும். மறுபக்கக் கயிறு, கீழே நிற்கும் துணையாளரின் ஹார்னஸில் மாட்டிய சின்னக் கருவி வழியாகப் போகும். இவர்தான் பிலேயர். மேலே இருப்பவர் விழுந்தால், பிலேயர் கயிற்றை விடாமல் பிடிக்க, கருவி அதை நெரித்து நிறுத்தும். கயிறும் சற்று நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

முடிச்சு, ஹார்னஸ், கருவி, பிலேயர் எல்லாம் சேர்ந்த சங்கிலி இது. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவை எதுவும் உதவாது.

ஷூ போடப் போன நேரத்தில்...

1989 மே மாதம், பிரான்ஸின் பியூ பகுதி. அமெரிக்காவின் லின் ஹில் அப்போது உலகின் தலைசிறந்த கிளைம்பர்களில் ஒருவர். அன்று அவர் ஏறியது அவருக்கு வார்ம்-அப் மாதிரியான பாதை. கயிற்றை ஹார்னஸில் நுழைத்தார். முடிச்சை முடிப்பதற்குள் ஷூ போடப் போனார். திரும்பி வந்து அப்படியே ஏறிவிட்டார்.

உச்சியை அடைந்து, கீழே இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். பிடிக்க முடிச்சு இல்லை. 70 அடிக்கும் மேல் விழுந்தவர், மரக்கிளைகளில் மோதியதால் உயிர் தப்பினார். முழங்கை இடம் பெயர்ந்தது, பாதத்தில் எலும்பு முறிந்தது.

அதன்பின் 1993-ல், யோசெமிட்டியில் உள்ள எல் கேப்டன் பாறையின் 'தி நோஸ்' பாதையைக் கை, கால் பலத்தால் மட்டுமே ஏறி முடித்த முதல் நபர் ஆனார் அவர். அப்படிப்பட்டவரே மறந்தது, எல்லாரும் முதல் நாளில் கற்றுக்கொள்ளும் முடிச்சை!

கயிறு தீர்ந்துபோனால்?

அலெக்ஸ் ஹொனால்ட் 2017-ல் கயிறே இல்லாமல் எல் கேப்டனில் ஏறி உலகப் புகழ் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, வாஷிங்டன் மாநிலத்தில், கயிறு இருந்தபோதே விழுந்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அவரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது கயிற்றின் நீளம் போதவில்லை. கயிற்றின் முனை பிலே கருவியிலிருந்து உருவி வெளியே வந்துவிட்டது. முனையில் ஒரு முடிச்சு இருந்திருந்தால் கயிறு கருவியிலேயே சிக்கி நின்றிருக்கும்.

பிராட் கோப்ரைட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2019 நவம்பரில், மெக்சிகோவின் எல் பொத்ரேரோ சீக்கோவில், அவரும் துணையாளரும் ஒரே கயிற்றின் இரு பக்கங்களில் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். கயிற்றின் நடுப்பகுதி சரியாக நடுவில் இல்லை. அதனால் ஒரு பக்கம் குட்டை. முனைகளில் முடிச்சும் இல்லை. கோப்ரைட் இறந்தார். வயது 31. துணையாளர் ஒரு திட்டில் விழுந்து பிழைத்தார்.

உபகரணமே கைவிட்டபோது

2006 அக்டோபர், யோசெமிட்டியின் லீனிங் டவர். டாட் ஸ்கின்னர் கயிற்றில் இறங்கும்போது, ஹார்னஸின் முன்பக்க வளையம் அறுந்து விழுந்து இறந்தார். வளையம் தேய்ந்திருந்தது முன்பே தெரிந்த விஷயம். புது ஹார்னஸுக்கு ஆர்டரும் கொடுத்திருந்தார்.

அனுபவசாலிகள் ஏன் தவறுகிறார்கள்?

ஆயிரம் தடவை செய்த வேலையைக் கை தானாகச் செய்யும், மனசு வேறெங்கோ இருக்கும். நடுவில் ஒரு பேச்சு, ஒரு போன் வந்தால், விட்ட இடம் மறந்துவிடும். 'முடிச்சுட்டோம்' என்றே மூளை நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரும் 'அவருக்குத் தெரியாததா?' என்று பார்க்காமல் விடுவார். ஒருவர் மறந்ததை இன்னொருவர் கண்ணாவது பிடிக்க வேண்டும் என்பதால்தான், ஒருவரையொருவர் சரிபார்க்கும் 'பார்ட்னர் செக்' கட்டாயமாகச் சொல்லித்தரப்படுகிறது.

தரையை விட்டுக் கிளம்பும் முன், இருவரும் பார்த்து, தொட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை:

1. ஹார்னஸ்: இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக இருக்கிறதா? பக்கிள் பூட்டியாச்சா? எங்காவது தேய்ந்து, நூல் பிரிந்திருக்கிறதா?

2. முடிச்சு: எட்டு வடிவ முடிச்சு முழுசாக இருக்கிறதா? ஹார்னஸில் கயிறு நுழைய வேண்டிய எல்லா வளையங்களிலும் நுழைந்திருக்கிறதா?

3. பிலே கருவி: கயிறு சரியான திசையில் போகிறதா? காரபினர் கொக்கி பூட்டியிருக்கிறதா? கயிற்றை ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.

4. கயிற்று முனை: பிலேயர் பக்க முனையில் முடிச்சு இருக்கிறதா?

5. பேச்சு: உச்சிக்குப் போனதும் பிலேயர் இறக்கிவிடுவாரா, ஏறியவர் தானாக இறங்குவாரா? கீழேயே பேசி முடிவு செய்யுங்கள்.

முடிச்சு போடத் தொடங்கினால் முடிக்கும்வரை வேறு வேலை வேண்டாம். நடுவில் தடைப்பட்டால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள். முடிச்சு போடுகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

உள்ளரங்கச் சுவர்களில் ஆளுக்குப் பதில் இயந்திரம் கயிற்றை இழுக்கும் 'ஆட்டோ பிலே' இருந்தால், கூடுதல் கவனம் தேவை. அங்கே செக் பண்ண பார்ட்னர் இல்லை. கொக்கியை மாட்டாமலே ஏறி விழுந்தவர்கள் உண்டு.

வீக்எண்டில் முதல்முறை போகிறவர்களும் பயிற்சியாளரிடம் "ஒரு தடவை செக் பண்ணிடலாமா?" என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார். 'அதெல்லாம் வேணாம், ஏறுங்க' என்று பதில் வந்தால், அன்று ஏறாமல் திரும்பிவிடுங்கள்.