மெல்ல அசைவதன் பலன்

யோகா, தை-சி, தியானம் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. சர்க்கரை நோய் முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றையும் இவை தீர்த்துவிடும் என்கிறார்கள் சிலர். எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடுகிறார்கள் வேறு சிலர். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இரு தரப்புக்கும் ஆதரவாக இல்லை. இவை தரும் நன்மைக்கு எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லைக்குள் அது உறுதியானது. மெதுவாக, கவனத்தோடு, விடாமல் செய்வதால் கிடைப்பது அது.

இதைத் தெளிவாகக் காட்டுவது தை-சி. சீனாவின் ஹெனான் மாகாணத்தைச் சேர்ந்த தற்காப்புக் கலையான இதை, 1956-இல் சீன விளையாட்டுத் துறை 24 அசைவுகளாகச் சுருக்கி, பொதுமக்கள் செய்யும் உடற்பயிற்சியாக மாற்றியது. அதில் ஓர் அடி எடுத்துவைப்பதைப் பாருங்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, உடலின் எடை முழுவதையும் ஒரு காலில் தாங்க வேண்டும். மறுகாலின் குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். பாதம் பதியப் பதியத்தான் எடை அந்தக் காலுக்கு மாற வேண்டும். வேகமாக நடக்கையில் அந்த வேகமே நம்மைச் சமாளித்துக் கொண்டுபோய்விடும். மெதுவாக நகரும்போது தொடையும் கணுக்காலும் ஒவ்வொரு கணமும் உழைத்தாக வேண்டும். முதுமையில் தடுமாறும்போது கைகொடுப்பது இந்த உழைப்புதான்.

எந்த உடற்பயிற்சி செய்தாலும் இந்தப் பலன் வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. கீழே விழும் அபாயம் உள்ள, 70 வயதைக் கடந்த 670 பேர் மூன்று குழுக்களாக 24 வாரம் பயிற்சி செய்தார்கள். தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, முதியோருக்கென வடிவமைத்த தை-சி செய்தவர்கள் கீழே விழுவது 58 சதவீதம் குறைந்தது. வலு, சமநிலை உள்ளிட்ட பலவகைப் பயிற்சிகளைச் சேர்த்துச் செய்த குழுவோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகும் முதியவர்களை நினைத்தால், இது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

உடலுக்குச் சொன்னது மனத்துக்கும் பொருந்தும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மந்திரமோ ஜெபமாலையோ சொல்லும்போது அது 6 அளவுக்குக் குறைகிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் உடலின் அனிச்சைச் செயல் அப்போது வலுப்படுகிறது என்று 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். பிராணாயாமம் பழகுபவர்களும் இப்படித்தான் மூச்சை நிதானப்படுத்துகிறார்கள். பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சி, வழக்கமாகத் தரப்படும் ஒரு மாத்திரைக்குக் குறையாத பலனைத் தந்தது.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த மதிப்பீடு, தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. மருந்தையோ உடற்பயிற்சியையோ மிஞ்சியது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொல்கிறது. இதைத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை. ஓட முடியாதவரும், கருவி வாங்க வசதியில்லாதவரும் வீட்டுக் கூடத்திலேயே செய்யக்கூடிய ஒன்று இவ்வளவு தருகிறதே! ஆனாலும் எச்சரிக்கை தேவை. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே நீண்ட தியானத்தில் உட்கார வேண்டும்.

தை-சி, தியான ஆய்வுகளில் பலன் கண்டவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடாமல் செய்தவர்கள். ஒருநாள் யோகா முகாமுக்குப் போய்வந்து அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள். நல்ல ஆசிரியரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், மருந்தைத் தொடருங்கள், ஆறு மாதமாவது விடாமல் செய்யுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.