நீரிழிவும் கண் ஊசி மருந்தும்

தறியில் அறுந்த இழையைக் காணவும், இலையில் தோன்றும் நோய்ப்புள்ளியை அறியவும் கூரிய பார்வை இன்றியமையாதது. நீரிழிவுடைய அங்கத்தினர்களின் பார்வையைக் கெடுக்கவல்லது விழித்திரை வீக்கமாகும். இதற்கெனக் கண்ணினுள் செலுத்தப்படும் ஊசி மருந்து நெடுங்காலம் பயன் தருமா என்னும் ஐயம் பலருக்கும் எழுவது இயல்பே.

குருதியில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் விழித்திரையின் நுண்குழாய்கள் நலிவுறுகின்றன. அவற்றினின்று நீர் கசிந்து, நுண்பார்வைக்குரிய நடுப்பகுதி வீங்குகிறது. கசிவைத் தூண்டும் புரதம் ஒன்றை அடக்குவதே இம்மருந்தின் வேலை. ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட், பெவாசிசுமாப் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் ஆற்றல் சில வாரங்களில் குறைந்துவிடும்; ஆதலின் முதலாண்டில் பன்முறை செலுத்த நேரிடும்.

அமெரிக்காவில் இம்மூன்று மருந்துகளையும் 660 பேரிடம் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஈராண்டுகள் வரையறுத்த முறைப்படி சிகிச்சை நடைபெற்றது. அதன்பின் அவரவர் மருத்துவரின் வழக்கமான கவனிப்பில் விடப்பட்டனர். ஐந்தாம் ஆண்டு முடிவில் 317 பேரைச் சோதித்த விவரம் 2020இல் வெளியாயிற்று. சிகிச்சைக்கு முன் படித்ததைவிடச் சராசரியாக 7 எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். ஆயினும் இரண்டாம் ஆண்டின் இறுதியிலிருந்த பார்வையில் ஏறத்தாழ 5 எழுத்துகள், அதாவது சோதனைப் பலகையில் ஒரு வரி, குறைந்திருந்தது. பெற்ற நன்மை மெய்யானதே. ஆனால் அது தானே நிலைத்து நிற்பதன்று என்பது இதனால் விளங்கும்.

வாழ்நாள் முழுதும் ஊசியோ என அஞ்சவும் வேண்டா. ரானிபிசுமாப் பற்றிய மற்றோர் அமெரிக்க ஆய்வில், ஐந்தாம் ஆண்டில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஊசியே தேவைப்படவில்லை. எனினும் எப்பொழுது நிறுத்தலாம் என்பதைக் கண் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். பார்வை தெளிந்துவிட்டதெனத் தாமாக நிறுத்துவோர் பெற்றதை இழக்கக்கூடும்.

ஊசியால் கண்ணினுள் கிருமி புகுதல் மிக அரிது. ஆயினும் ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலியும் சிவப்பும் மிகுந்தாலோ, பார்வை மங்கினாலோ, அன்றே மருத்துவரை நாடுக. வீக்கத்திற்கு ஸ்டீராய்டு மருந்தைக் கண்ணில் செலுத்துவதும் உண்டு. அம்மருந்தால் கண்புரையும் கண்ணழுத்தமும் மிகக்கூடுமாதலின் அவற்றையும் சோதித்தல் வேண்டும்.

ஊசி வீக்கத்தைத் தணிக்குமேயன்றி நீரிழிவைத் தீர்க்காது. சர்க்கரையையும் குருதி அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தலே அடிப்படைக் காப்பு. சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம்; நீரிழிவுடைய அன்பர்கள் பார்வை நன்றாயிருக்கும்போதும், ஆண்டுக்கொருமுறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்வாராக.